பெட்டியில் வரவில்லை

"வருதா?" என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து கத்தினார் அவள் கணவர்.

தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்ற மனிதருக்கு, மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. ஆறு வருஷமாகக் காது சுத்தமாகக் கேட்காது. காதில் மாட்டும் மெஷினையும் வாங்கிப் பார்த்தார். வெறும் இரைச்சல் என்று டிராயரில் தூக்கிப் போட்டுவிட்டார். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். அதனால் அந்த வீட்டில் பொய் சொல்வதென்றாலும் முகத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

அவள் சோபாவைச் சுற்றிப் போய் அவர் முன்னால் குனிந்தாள். "பார்ல வருது. பெட்டியில வரல."

டிவிக்கு அடியில் நீளமாகக் கிடந்தது சவுண்ட் பார். பெட்டி என்றது சப் வூஃபரை. இரண்டும் அவரோடு வேலை பார்க்கும் குண்டூசி கொடுத்தவை. ஆள் நூறு கிலோ இருப்பான், பட்டப்பெயர் குண்டூசி. போன மாதம் இவர் அவன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது அவன் பாட்டுப் போட்டிருக்கிறான். சோபா வழியாக முதுகெலும்பில் திம் திம்மென்று ஏறியதாம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே பேசினார். குண்டூசி புதுசு வாங்கியதும் பழசை இவருக்குத் தள்ளிவிட்டான். இரண்டுக்கும் நடுவில் வயர் கிடையாது, பெட்டியும் பாரும் காற்றிலேயே பேசிக்கொள்ளும், இடம் மாறியதில் ஒன்றை ஒன்று மறந்திருக்கும், திரும்பச் சேர்த்து வை என்று எழுதியும் கொடுத்திருந்தான்.

பாட்டுக் கேட்கவா இந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு மூன்று மணி நேரமாகத் தரையில் கிடக்கிறார்? அவர் போனில் ஒரு வீடியோ இருந்தது. ஐம்பது விநாடி. அவர்களுடைய மகள் பேசுவது.

பதினோரு வயசு. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் உள்ளே யாரையும் விடவில்லை. நர்ஸ் பாவப்பட்டுப் போனை மட்டும் உள்ளே கொடுத்தார். அதில் பிள்ளை பதிந்து கொடுத்ததுதான் அந்த வீடியோ. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எட்டு மாதமாக அவர் அதைத் தினமும் பார்த்தார். மாஸ்க் போட்ட வாயில் என்னத்தைப் படிப்பது? கண்ணையும் நெற்றியையும் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் பிள்ளை மாஸ்க்கை இழுத்துவிட்டுப் போனுக்குக் கிட்டே வருவாள், திரை இருட்டாகும், முடிந்துவிடும். முத்தம் கொடுக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார். என்ன பேசுகிறாள் என்று மனைவியிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். நாளைக்கு வந்துவிடுவேன் என்கிறாள் என்று இவள் சொன்னாள்.

அதுவும் பொய்தான். இவள் அந்தக் குரலைக் கேட்கவே இல்லை. பெரிய கம்பெனி ஒன்றில் நாள் முழுக்க டெலிபோன் எடுக்கிறவள். ஊரில் உள்ள கோபதாபத்தையெல்லாம் காது கொடுத்துக் கேட்பவளுக்கு, இந்த ஐம்பது விநாடியைக் கேட்கத் தெம்பில்லை. கேட்டால் செத்துப்போவேன் என்று நிஜமாகவே நம்பினாள். நல்லவேளை, அவர் போனில் எப்போதும் சத்தமே இருக்காது.

இப்போது பெட்டிக்குக் குரல் வேண்டும். பெட்டியில் கை வைத்தால் பிள்ளை பேசுவது கைக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. போனைப் பிடித்துக்கொள்ளும் வேலையும், வருகிறதா என்று கேட்டுச் சொல்லும் வேலையும் இவளுக்கு. முதல் தடவை நிஜமாகவே பெட்டி சேரவில்லை, போனில் சத்தத்தை ஏற்றவும் அவர் மறந்திருந்தார். இரண்டாம் தடவை சிவப்பு விளக்கு படபடவென்று மின்னிப் பச்சையாகி நின்றது. இவள் போனின் பக்கவாட்டுப் பட்டனை அழுத்திச் சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கினாள். வரவில்லை என்றாள்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ரவுட்டரை அணைத்தார். பெட்டியை ஜன்னலோரம் வைத்தார், டிவி பக்கம் வைத்தார். பின்பக்க ஓட்டையில் ஊசியைக் குத்திக் குத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் பச்சை எரிந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையைப் பெட்டியில் ஒட்ட வைத்துக்கொண்டு இவள் முகத்தைப் பார்த்தார். பச்சை எரியுதே, பின்னே ஏன் வரல என்று குழந்தை மாதிரி கேட்டார். எனக்கென்ன தெரியும் என்று உதட்டைப் பிதுக்கினாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஏழாவது தடவைக்குப் பிறகு அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். பெட்டியின் கரண்ட் வயரைக் கழற்றப் போனவர் நின்றார்.

"நாளைக்கு குண்டூசிகிட்டயே குடுத்துடறேன். எனக்குக் கொடுப்பினை இல்ல, விடு." பிறகு, அவருக்குத் தெரிந்த மட்டும் மெதுவாக, "உன்னைத்தான் படுத்திட்டேன். பார்ல ஏழு தடவை அவ குரலைக் கேட்டிருக்க. எப்படி இருந்துச்சு?"

அவள் போனைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"இருமல் இருந்துச்சே, குரல் கம்மியிருந்ததா?"

அவர் கண் அவள் உதட்டிலேயே இருந்தது. ஆறு வருஷமாக இந்த உதட்டை நம்பித்தான் அவர் உலகத்தைத் தெரிந்துகொள்கிறார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, அந்தக் கையைப் பெட்டிமேல் வைத்தாள். போனின் சத்தத்தை மேலே ஏற்றினாள். வீடியோவை முதலிலிருந்து போட்டு, முழுக்க ஏற்றினாள்.

"அம்மா," என்றது பிள்ளையின் குரல். கம்மித்தான் இருந்தது. "மாஸ்க் போட்டிருக்கேன்ல, அப்பாவுக்குப் புரியாது. நீ கேட்டு அப்பாகிட்ட சொல்லு. சொல்லுவல்ல? அப்பாவைத் திரும்பி உக்காரச் சொல்லு. போனைக் கழுத்துக்குப் பின்னாடி வெச்சுக்கச் சொல்லு."

பெட்டி சும்மா கிடந்தது. பிஞ்சுக் குரலுக்கு அந்தப் பெட்டியில் இடமில்லை. அது அடித்தொண்டைச் சத்தத்துக்கு மட்டும் செய்தது. அவர் முகம் வாடத் தொடங்கியது. அப்போதுதான் பிள்ளை மாஸ்க்கை இழுத்துவிட்டாள், கிட்டே வந்தாள், திரை இருட்டானது.

ஃபூ என்று ஊதினாள்.

பெட்டி அதிர்ந்தது. தரையும் அதிர்ந்தது. அவர் கை பெட்டியிலிருந்து எழுந்து தன் பிடரிக்குப் போனது.

சமையலறையிலோ வாசலிலோ அவர் நின்றால், பிள்ளை அப்படித்தான் கூப்பிடுவாள். கூப்பிட்டால் கேட்காதே. பின்னால் வந்து எம்பிப் பிடரியில் ஊதுவாள், அவர் திரும்புவார்.

"முத்தம் இல்ல," என்றார் அவர். கண்ணீர் தாடையில் வழிந்தது.

அவள் அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். பிள்ளை தன்னிடம் சொல்லச் சொன்னதை, தான் இத்தனை நாள் கேட்காமலே இருந்ததை, நாளைக்கு வந்துவிடுவேன் என்றது தன் கட்டுக்கதை என்பதை, பச்சை எரிந்த ஒவ்வொரு தடவையும் சத்தத்தை இறக்கியது தான் என்பதை. அவர் அவள் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு திரும்பி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் பின்னால் கையை விட்டுப் பெட்டியை இழுத்து, தலையைச் சாய்த்துப் பிடரியை அதன்மேல் வைத்தார்.

"போடு," என்றார்.