ரொட்டியில் ஊற்றிய ஒயின்

“அவனை அந்தச் சுவத்துலேர்ந்து இறக்கு. இப்பவே இறக்கு.”

“கத்தாதீங்க எத்தேரி அக்கா. தெலாவியிலேர்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்திருக்காங்க.”

“வரட்டும். உயிரோட இருக்கறவனைச் செத்தவங்க வரிசையில மாட்டியிருக்கறதையும் பாத்துட்டுப் போகட்டும்.”

ஊர் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் லமாரா சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தாள். திராட்சை வெட்டும் கத்திகள், உடைந்த ஒயின் சாடிகள், எலி கடித்த ஒரு சேணம் ஆகியவற்றை விட்டால் அங்கே பார்க்க இருப்பது போரில் இறந்தவர்களின் சுவர்தான். எத்தேரியின் மகன் நுக்சார் பல வருஷங்களுக்கு முன் கடலோரச் சுகுமி நகரத்தில் நடந்த சண்டையில் காணாமல் போனவன், உடல் கிடைக்கவில்லை. போன மாதம் அவன் படமும் சுவரில் ஏறியது.

அதோடு நின்றிருந்தால் கழற்றி முடித்திருக்கலாம். நேற்று அறுவடை விருந்தை இந்தக் கூடத்திலேயே வைத்தார்கள். விருந்துத் தலைவர் பேசோவுக்கு வாய் நீளம், ஞாபகம் குட்டை. இறந்தவர்கள் நினைவாகக் குடிக்கும் கோப்பையைத் தூக்கியவர் சுவரைப் பார்த்தே பெயர்களை வரிசையாக வாசித்துவிட்டார். நுக்சாருக்கும் சேர்த்து எல்லோரும், செத்தவர்களுக்குச் செய்கிற வழக்கப்படி, ரொட்டியில் ஒயின் ஊற்றினார்கள். ஊற்றியதைத் திரும்ப எடுக்க எங்கள் பக்கத்தில் வழி கிடையாது.

“உன் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் பண்ணணும்னா பண்ணு. அதுக்கு என் பிள்ளையை எதுக்குடி சாகடிக்கறே?”

நுக்சாருக்கு நிச்சயித்த சியாலாதான் அந்தத் தங்கை மகள். ஊரே இதைத்தான் பேசியது. லமாராவிடம் பதில் இருந்தது. சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

சத்தம் கேட்டு வந்த சியாலா வாசலிலேயே நின்றாள். “பெரியம்மாவைத் திட்டாதீங்க அத்தை. படத்தைக் கொடுத்தது நான்.”

எத்தேரி திரும்பினாள். இத்தனை வருஷமும் ஞாயிறு தவறாமல் தனக்கு ரொட்டி சுட்டுக் கொண்டுவந்த பெண்.

“முடியல அத்தை. நீங்க இறக்கச் சொன்னா இறக்கிடறேன். திரும்பவும் காத்திருக்க மட்டும் சொல்லாதீங்க.”

லமாரா நாற்காலியை இழுத்துப் போட்டாள். எத்தேரி உட்காரவில்லை. படத்தின் கிட்டே போனாள்.

“இதுல தலை கலைஞ்சிருக்கு,” என்றாள். “வீட்ல நல்ல படம் ஒண்ணு இருக்கு. நாளைக்குக் கொண்டாறேன்.”

கொண்டுவந்தாள். லமாராதான் மாட்டினாள், ஆணி அடிக்கும்போது விரலில் அடித்துக்கொண்டாள்.

சியாலா அடுத்த வருஷம் ருஸ்தாவியில் ஒரு பேருந்து ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு போனாள். மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம், குணம் தங்கம் என்று கேள்வி. எத்தேரி அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்கு முன்பே வீட்டைப் பூட்டிக்கொண்டு, குதாயிசியில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள்.