கொஞ்சம் எண்டால் கொஞ்சம்தான்

கமலினி மச்சாள் குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்த விதத்திலேயே யோகாவுக்கு விளங்கிவிட்டது, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று. காரியமில்லாமல் சிட்னியின் மூலையில் இருக்கும் குவேக்கர்ஸ் ஹில் வரை கார் ஓட்டி வருகிற ஆளா அவள்? அதுவும் கையில் ஒரு பெட்டி லட்டோடு! புருசனின் அக்கா என்ற உரிமையில் எப்போதும் வெறுங்கையோடு வந்து, போகும்போது முருங்கைக்காய்க் கறியையும் பெட்டியில் அடைத்துக்கொண்டு போகிறவள்.

"இவரைச் சிலிக்கு மாத்திப்போட்டாங்களடி யோகா. நீங்கள் இருந்த அதே அன்டோஃபகஸ்தாதான். ஸ்பானிஷைத் தவிர ஒரு இழவும் கதைக்க மாட்டாங்களாம். எயார்போட்டில இலை, கொட்டை ஒண்டையும் விடமாட்டாங்களாம். கொண்டுபோற தூள் எத்தினை நாளைக்குக் காணும்? நான் அங்க என்னத்தைச் சமைக்கிறது?"

யோகா தேநீர் போடுகிற சாட்டில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தைக் காட்டினால் மாட்டிக்கொள்வாள். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள். இத்தனை வருசமாக வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் கிடந்த பூனையல்லவா அவள்!

அன்டோஃபகஸ்தா சிலியின் வடக்கில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புல்லும் முளைக்காத பாலைவனம். செப்புச் சுரங்க இயந்திரங்களைப் பார்க்கப் புருசன் துஷாந்தை அனுப்பியபோது யோகாவும் கூடப் போனாள். போய்ச் சேர்ந்து வீடு பிடிக்கவும் வயிற்றில் பிள்ளை தங்கவும் சரியாக இருந்தது. சத்தியென்றால் அப்படியொரு சத்தி. பச்சைத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. கறிவேப்பிலை போட்டுத் தாளித்த ரசம் மட்டும் இறங்கும் என்று நாக்கு சொன்னது. ரசத்துக்கு வேண்டியதை எல்லாம் பாசை தெரியாத சந்தையில் முகர்ந்து முகர்ந்தே கண்டுபிடித்தாள். புளியைக் கொலம்பியாக்காரி ஒருத்தியின் கடையில் பிடித்தாள். கறிவேப்பிலை மட்டும் அந்தக் கண்டத்திலேயே இல்லை போலிருந்தது. பொடியாக்கினால் எயார்போட்டில் விடுவார்கள் என்று யாரோ சொல்ல, வெட்கத்தை விட்டு மச்சாளுக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "ஒரு பிடி கறிவேப்பிலை மச்சாள்... வறுத்து இடிச்சு எப்பிடியெண்டாலும் அனுப்பிவிடுங்கோ. ஒண்டும் சாப்பிடேலாமல் கிடக்கு" என்று சொல்லும்போதே அழுதும்விட்டாள்.

அனுப்பினாளா? எங்கே! தன் மகளின் பிறந்தநாள் விழாவில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், ஃபோனை மைக்கில் வைத்து அந்த அழுகையைப் போட்டுக் காட்டினாள் கமலினி. "சிலிக்குப் போயும் நாக்கு அடங்கேல்லை பாருங்கோ" என்று ஒரு முத்தாய்ப்பு வேறு. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ ஒரு புண்ணியவதி அதை வீடியோ எடுத்து யோகாவுக்கே அனுப்பிவைத்தாள். சிலியில் சத்தியோடு படுக்கையில் கிடந்து, தன் அழுகைக்கு மேலே ஊர் சிரித்த சிரிப்பை யோகா கேட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிட்னிக்குத் திரும்பி வந்தபோது பட்டப்பெயரும் அவளுக்கு முன்னால் வந்து காத்திருந்தது. கோயிலில் சின்னப் பிள்ளைகள்கூட அவளைக் 'கறிவேப்பிலை அன்ரி' என்றுதான் கூப்பிட்டார்கள். "அக்கா பகிடிக்குச் செய்தவ, விடும்" என்றான் துஷாந்த். விட்டாள்தான், வெளியில். உள்ளே அது அடிப்பிடித்த சட்டி மாதிரி, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"பயப்படாதேங்கோ மச்சாள்" என்று தேநீரை நீட்டினாள் யோகா. "அது எங்கட பாசை மாதிரித்தான். குசினியைக் கொசினா எண்டுறவை. மேசையை மேசா. காலில போடுற சப்பாத்து எண்டால் சப்பாத்தோ. பேக்கரியில பாணைப் பான் எண்டு கேட்டால் தருவினம்."

"எடியே, உண்மையாவோ!" கமலினிக்கு வாயெல்லாம் பல். போர்த்துக்கேயன் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன சொற்களின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் சிலியில் இருப்பார்கள் என்று அவள் எங்கே கண்டாள்?

யோகா ஒன்றையும் ஒளிக்கவில்லை. சீரகத்துக்குக் கொமினோ, கொத்தமல்லி இலைக்குச் சிலாந்த்ரோ, புளிக்குத் தமரிந்தோ. மெர்கென் என்று ஒரு புகை வாச மிளகாய்த் தூள் இருக்கிறது, கொத்தமல்லியும் கலந்தது, எங்கள் வறுத்த தூளுக்குக் கிட்ட வரும். அத்தனையும் சத்தியமான உண்மை. நல்ல பாய் விரித்தால்தானே பொய்யும் நிம்மதியாகப் படுக்கும்.

"எல்லாம் சரி. கடைக்காரி அள்ளிக் கொட்டிவிட்டாளெண்டால்? கொஞ்சமாத் தா எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

யோகாவின் கை சீனிப் போத்தலில் நின்றது. அவளாகத் தேடிப் போகவில்லை. பழி தீர்க்கிற வழி தானாக மடியில் வந்து விழுந்தது. போன புதிதில் அவளும் துஷாந்தும் அதே சந்தையில் நின்று, "கொஞ்சம் எடுங்கோ, கொஞ்சம் காணும்" என்று உரக்கக் கதைத்திருக்கிறார்கள். கடைக்காரக் கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். மீன்கடைப் பெடியள் விசிலடித்தார்கள். பக்கத்து வீட்டு மார்த்தா பிறகு வாயைப் பொத்திக்கொண்டு விளக்கம் சொன்னாள். அவர்கள் காதில் விழுந்தது 'கொன்ச்சா'. பெண்ணின் மறைவிடத்துக்கு அந்த ஊரில் சொல்லும் கெட்ட பெயர். தாயை இழுத்துத் திட்டுவதற்கும் அதுதான். அன்று முதல் சிலியில் இருந்த காலம் முழுக்க அவர்கள் வீட்டில் கொஞ்சம் இல்லை, 'சொட்டு'தான்.

"கொஞ்சம் எண்டால் கொஞ்சம்தான் மச்சாள்" என்றாள் யோகா. "கடைசி 'ம்'மை மட்டும் விழுங்கிப்போடுங்கோ. 'சா'வை அழுத்துங்கோ. சந்தையில ஒரே இரைச்சல், பலமாச் சொன்னால்தான் விளங்கும்."

"கொஞ்சா" என்றாள் கமலினி. "கொன்ச்சா! சரியோ?"

"அச்சொட்டு."

கமலினி போய் மூன்றாம் கிழமை, ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் அவளிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அங்கே வெள்ளிக்கிழமை பின்னேரம். சொதிக்குத் தாளிக்க எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு, யோகா ஃபோனைச் சீனிப் போத்தலில் சாய்த்தாள். வெயில், கூடாரங்கள், மூட்டை மூட்டையாகச் சரக்கு. நடுவில் தொப்பி போட்ட கமலினி. ஆள் வாடித்தான் போயிருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இவ்வளவு நாளும் பெட்டியில கொண்டுவந்த தூள்தான். இண்டைக்குத்தான் சந்தைக்கு வந்தனான். நீ சொன்னதெல்லாம் இருக்குதடி!"

அந்தக் கறுத்த கண்ணடியைப் பார்க்க யோகா ஃபோனுக்குக் கிட்டக் குனிந்தாள். தானும் அதே வெயிலில் அதே முகத்தோடு நின்றவள்தானே. போதும், சொல்லிவிடுவோம் என்று நினைத்தாள்.

"மச்சாள், அந்தச் சொல்லு—"

"பொறு, பொறு. ஆர் வந்திருக்கினம் பார். இவரின்ர மனேஜரின்ர வைஃப், ராதா. மதுரை ஆக்கள்." ஃபோன் திரும்பியது. "ராதா, இவதான் எங்கட கறிவேப்பிலை யோகா. அந்த வொய்ஸைப் போட்டுக் காட்டினனான் எல்லோ?"

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையசைத்தாள். "ஹாய்ங்க! ஆமா, கேட்டேன். சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு!"

இன்னமும் வைத்திருக்கிறாள். ஃபோன் மாற்றி, நாடு மாற்றி, கடல் தாண்டி, அந்த அழுகையைப் பத்திரமாகக் கொண்டு போயிருக்கிறாள், பாவி!

"என்னவோ சொல்ல வந்தனீ?" என்றாள் கமலினி.

"ஒண்டுமில்லை மச்சாள்." யோகாவின் குரல் பாலாக இருந்தது. "நல்லாப் பலமாச் சொல்லுங்கோ. சிரிச்ச முகத்தோட."

பெருவிரலால் திரையைக் கீழே இழுத்து, பதிவு செய்யும் பொத்தானைத் தொட்டாள். மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது.

கமலினி தொப்பியைச் சரிசெய்தாள். சீரக மூட்டைக்குப் பின்னால் நின்ற கிழவியைப் பார்த்து, மனேஜர் பெண்சாதிக்கும் கேட்கட்டும் என்று, தொண்டையைத் திறந்தாள். "கொமினோ! கொன்ச்சா! கொன்ச்சா, கொன்ச்சா!"

கிழவியின் கை அகப்பையோடு அந்தரத்தில் நின்றது. அகப்பையின் விளிம்பிலிருந்து சீரகம் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கோ ஒரு விசில் கிளம்பியது. ராதாவின் கை மெல்லக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியது.

குவேக்கர்ஸ் ஹில்லில் எண்ணெய் காய்ந்துவிட்டது. யோகா கறிவேப்பிலையை உருவிப் போட்டாள். கொஞ்சமல்ல, ஒரு பிடி.