வலிப்பு வராத சாம்சன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் முனையில், டீக்கடைக்கு எதிரே, சாம்சன் சைக்கிளோடு சாய்ந்தபோது காலை மணி ஏழு இருபது. வேகமாகப் போய் விழவில்லை. யாரும் இடிக்கவும் இல்லை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி திரும்பியது, இவன் பிரேக் பிடித்து நின்றான், நின்றவன் அப்படியே பீரோ சாய்கிற மாதிரி சாய்ந்தான்.

அவன் போட்டிருந்த ஷூவின் அடியில் ஒரு இரும்புத் துண்டு உண்டு. பெடலில் வைத்து மிதித்தால் டக்கென்று மாட்டிக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். மூன்று வாரமாகச் சாம்சனுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்தது தலைக்குத்தான். நிற்கிற நேரத்தில் கால் பழைய வழக்கப்படி மேலேதான் இழுத்தது. கவரைப்பேட்டையில் வீட்டு வாசலில் இரண்டு தடவை, ரயில்வே கேட்டில் ஒரு தடவை விழுந்தாயிற்று. அங்கெல்லாம் பார்த்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். சிப்காட் முனையில் யாரும் சிரிக்கவில்லை.

"பிட்ஸுபா. காலு ரெண்டும் இழுக்குது பாரு. எவனாவது இரும்பு குடு" என்று கத்திக்கொண்டே ஒருவன் ஓடிவந்தான்.

"பிட்ஸு இல்லபா, காலு மாட்டிக்கிச்சு" என்றான் சாம்சன், சைக்கிளுக்கு அடியிலிருந்து.

"ஒளறறான். தலைய புடி."

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தவள் கங்கம்மா. சாம்சன் வேலை செய்கிற இரும்புக் கம்பெனியின் கேண்டீனில் சமைக்கிறவள். "அய்யோ, இது எங்க சாம்சன் நைனா" என்று உட்கார்ந்து, இடுப்பிலிருந்த ஸ்டோர் சாவிக்கொத்தை அவன் கையில் திணித்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, கைய உடு. என் காலைப் புடிச்சி வெளியே திருப்பு."

"திருப்பாதே" என்றான் ஒரு ஷேர் ஆட்டோக்காரன். "பிட்ஸு வந்தவன் காலைத் திருப்புனா எலும்பு பூடும். ஆடாம கெட்டியா புடிங்க."

நான்கு பேர் கெட்டியாகப் பிடித்தார்கள். பிடிக்கப் பிடிக்கச் சாம்சனால் குதிகாலைத் திருப்ப முடியவில்லை. திருப்ப முடியாததால் உதறினான். உதற உதற இரும்பு வந்தது. இடது கையில் ஒரு ஸ்பானர். மார்பின் மேல் ஒரு திருப்புளி. டீக்கடைக்காரர் சமோசாவுக்கு அரிந்து வைத்திருந்த வெங்காயத்தை ஒரு பிடி அள்ளி வந்து மூக்கில் தேய்த்தார்.

"யோவ், நீங்கள்லாம் மனுசங்கதானா?" என்று கத்தினான் சாம்சன். கண்ணில் வெங்காயத் தண்ணீர் வழிந்தது.

"அழுவறான் பாவம்" என்றாள் கங்கம்மா.

கடைசியில் யாரோ இழுத்த இழுப்பில் ஷூவின் பட்டை பிய்ந்து, கால் இரண்டும் வெளியே வந்தன. ஷூக்கள் பெடலிலேயே நின்றன. சாம்சன் சாக்ஸோடு எழுந்து நின்றான்.

"பாத்தியா, இரும்பு குடுத்தவுடனே நின்னுட்சி" என்று ஷேர் ஆட்டோக்காரன் எல்லோருக்கும் சொன்னான்.

பத்தரை மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வெங்கட்ரமணன் கூப்பிட்டனுப்பினார். திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். இங்கே வந்து எட்டு வருஷமாகியும் அவர் பேச்சில் ஒரு சுடுசொல் கிடையாது. சுடுசொல் இல்லாமலே ஆளைக் கீழே இறக்கிவிடுவார்.

"உக்காருங்கோ சாம்சன். இன்னிலேர்ந்து நீங்க கிரேன்ல ஏற வேண்டாம். கொஞ்ச நாளைக்கு ஸ்டோர்ல கையுறை குடுங்கோ."

"சார், கேண்டீன் அக்கா சொன்னதை வச்சி சொல்றீங்களா? அது பெடல் சார். காலு மாட்டிக்கிச்சு."

"அவா நேர்ல பார்த்திருக்கா. கையும் காலும் இழுத்துதுங்கறா. வாய்ல நுரைங்கறா."

"நுரை இல்ல சார், வெங்காயம்."

வெங்கட்ரமணன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கொக்கியில இரும்புக்கட்டி தொங்கறது. கீழே பதினாலு பேர் நடமாடறா. மேலே உக்காந்திருக்கறவருக்கு ஒரு நிமிஷம் நினைவு தப்பினா என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கோ."

சாம்சன் பதினோரு வருஷமாக அந்தக் கிரேனில் உட்காருகிறவன். வேறு ஒருவனுக்கு வலிப்பு என்று கேள்விப்பட்டிருந்தால், அவன் கொக்கிக்குக் கீழே இவனே நிற்கமாட்டான். சட்டம் சரிதான். ஆள்தான் தப்பு. இத்தனைக்கும் அவன் சைக்கிள் வாங்கியதே கிரேனுக்காக. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கான போன மெடிக்கல் பரிசோதனையில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும், அடுத்த மெடிக்கலுக்குள் குறைத்துவிட வேண்டும் என்று, பூனாவுக்கு மாற்றலாகிப் போன ஒரு இன்ஜினியரிடம் வாங்கினான். பெடலும் ஷூவும் சைக்கிளோடு வந்தவை. ஷூ வேறு அவன் காலுக்கு அளவெடுத்த மாதிரி இருந்து தொலைத்தது.

கையுறை கொடுக்கிற ஜன்னலிலிருந்து பார்த்தால் கிரேன் தெரியும். மேலே ராபின் உட்கார்ந்திருந்தான். சாம்சனிடம் வேலை கற்றவன். இரும்புக்கட்டியைத் தூக்கும்போதெல்லாம் சங்கிலி ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சாம்சனின் வலது கை தானாகப் பின்னால் போய், இல்லாத லீவரை இழுத்தது.

"இன்னாண்ணே, கையும் இழுக்குதா?" என்று கேட்டான் கையுறை வாங்க வந்தவன்.

வீட்டில் ஹெலன் வேறு மாதிரிப் பேசினாள்.

"நான் மொத நாளே சொன்னேன். அந்தப் பெடலைக் கழட்டிட்டுச் சாதா பெடல் போடுன்னு. கேட்டியா நீ?"

"இப்ப கழட்டினா இன்னா ஆவும் தெரியுமா? பிட்ஸு வந்ததால பயந்துக்கினு கழட்டிட்டான்னு சொல்லுவாங்க."

"அப்போ இன்னும் விழப்போறியா?"

"விழமாட்டேன். கத்துக்கினு காட்டறேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் மோசஸ் மைக்கைக் கையில் எடுத்தார். ராபின் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஒரே சபை.

"நம்ம பிரதர் சாம்சனுக்காக விசேஷமா ஜெபிக்கணும்னு ஒரு தம்பி பாரத்தோட சொல்லியிருக்கார். வலிப்பின் கட்டுகளிலிருந்து அவருக்கு விடுதலை கிடைக்கணும்."

"பாஸ்டர்" என்று எழுந்தான் சாம்சன். "எனக்கு வலிப்பு இல்ல."

"ஆமென்" என்றார் பாஸ்டர். "விசுவாசத்தோட சொல்றார் பாருங்க. இல்லைன்னே அறிக்கை பண்றார். எல்லாரும் கையை நீட்டுங்க."

நூற்றைம்பது கைகள் சாம்சனை நோக்கி நீண்டன. அவன் ஹெலனைப் பார்த்தான். அவளும் கையை நீட்டியிருந்தாள்.

"நீ எதுக்குடி நீட்டற?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"சர்க்கரைக்கு" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

ஆராதனை முடிந்ததும் ராபின் வந்து கட்டிக்கொண்டான். "அண்ணே, எனக்கு உள்ள ஒரு சமாதானம் வந்துட்சி. சொகமாயிட்டீங்க. நாளைக்கு நானே வெங்கட்ரமணன் சார்கிட்ட சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்லாதே. தயவுசெஞ்சி வாயை மூடிக்கினு இரு."

ராபின் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை காலையில் வெங்கட்ரமணன் ஸ்டோர் ஜன்னலுக்கே வந்துவிட்டார்.

"சாம்சன், நேத்து உங்க சர்ச்சில பிரார்த்தனை பண்ணி உங்களுக்குக் குணமாயிடுத்துன்னு ராபின் சொல்றான். ரொம்ப சந்தோஷம். நான் எந்த சாமியையும் குறை சொல்றவன் இல்லை. ஆனா குணமாச்சுன்னா, முன்னால இருந்துதுன்னு ஆயிடறதில்லையா?"

சாம்சன் கையிலிருந்த கையுறையைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கினான். "சார், இல்லாதது எப்படி சார் குணமாவும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். புதன்கிழமை டாக்டரம்மா வரா. அவா எழுத்துல குடுத்தா நீங்க மேலே ஏறலாம். இல்லேன்னா ராபினையே நிரந்தரமா போட்டுடச் சொல்லி மேலேர்ந்து கேக்கறா."

அன்றைக்கும் மறுநாளும் சாயங்காலம், ரயில்வே லைனை ஒட்டிய காலி மனையில் சாம்சன் பழகினான். பிய்ந்த பட்டையைத் தைத்து வைத்திருந்தான். மாட்டுவான், பத்தடி போவான், குதிகாலை வெளியே திருப்புவான், கழற்றுவான். நூறு தடவைக்கு மேல் இருக்கும். இரண்டாம் நாள் இருட்டுவதற்குள் தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் குதிகால் திரும்புகிற பதத்துக்கு வந்துவிட்டது.

கம்பெனிக்கு வாரம் ஒரு நாள் வருகிற டாக்டர் அமிர்தா சின்னப் பெண். ஆனால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டானா, சிறுநீர் போயிற்றா, வீட்டில் யாருக்காவது உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றான்.

"மேடம், மூளைக்கு ஏதோ டெஸ்ட் கீதாமே. அத்த எடுத்தா தெரிஞ்சிடாதா?"

"எடுக்கலாம். ஆனா அது நார்மல்னு வந்தாலும் வலிப்பே இல்லைன்னு அடிச்சிச் சொல்ல முடியாதுங்க. பார்த்தவங்க என்ன பார்த்தாங்கங்கறதுதான் முக்கியம். பார்த்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க."

"பார்த்தவங்க எல்லாம் என் காலைப் புடிச்சிக்கினு இருந்தாங்க மேடம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, அந்தச் சைக்கிள் இங்க இருக்கா? எப்படி விழுந்தீங்கன்னு காட்டுங்க. நானே பார்க்கறேன்."

எடைமேடைக்குப் பக்கத்தில் காட்டுவதாக ஏற்பாடு. ஷிப்ட் மாறுகிற நேரம். ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். கங்கம்மா கேண்டீன் வாசலில் நின்றாள். வெங்கட்ரமணன் தரையில் இரண்டு பழைய மெத்தைகளை விரிக்கச் சொல்லி, சாம்சன் தலையில் கம்பெனி ஹெல்மெட் ஒன்றையும் மாட்டிவிட்டார்.

சாம்சன் ஏறினான். டக், டக். பதினைந்து அடி போனான். மெத்தைக்குப் பக்கத்தில் பிரேக் பிடித்தான். குதிகால் வெளியே திரும்பியது. கால் அழகாகத் தரையில் ஊன்றியது.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

"தட்டாதீங்கடா" என்றான் சாம்சன்.

மறுபடி போனான். இந்தத் தடவை காலைத் திருப்பவே கூடாது என்று சொல்லிக்கொண்டே போனான். சைக்கிள் சாய ஆரம்பித்ததும் கால் அவனைக் கேட்காமல் திரும்பிக் கழன்றது. மூன்றாம் தடவையும் அப்படித்தான். நான்காம் தடவை, கண்ணை மூடிக்கொண்டு போனான். எடைமேடைத் தூணில் மோதப்போய், அப்போதும் கழன்றது.

"நல்லா ஓட்டறீங்களே" என்றார் வெங்கட்ரமணன் வருத்தத்துடன். "அப்போ அன்னிக்கு விழுந்தது பெடலால இல்லைன்னுதானே ஆறது."

டாக்டர் பேனாவை மூடினாள்.

"மூணு வாரமா விழுந்தேன் சார். ஊட்டு வாசல்ல, கேட்டுல, எங்க நின்னாலும் விழுந்தேன். விழாம இருக்கணும்னு ரெண்டு நாளா காலு வீங்கக் கத்துக்கினேன். இப்ப விழுந்து காட்டுன்னா எங்க சார் போவேன்?"

சாம்சன் ஹெல்மெட்டைக் கழற்றி மெத்தைமேல் எறிந்தான். ஏறி மிதித்தான். இரண்டு காலும் மாட்டிக்கொண்டன. கேட்டை நோக்கி வேகமாகப் போனான். கிரேனும் வேண்டாம், கையுறையும் வேண்டாம், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், காக்களூரில் ஏதாவது பட்டறை கிடைக்காமலா போய்விடும். மனதுக்குள் அந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டே போனான்.

கேட்டில் வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார். வெளியே போகிற எல்லோரையும் நிறுத்திப் பையைத் தடவிப் பார்ப்பது அவர் வேலை. "பையைக் காட்டு சாம்சன்."

சாம்சன் பிரேக் பிடித்தான். மனம் கடிதத்தின் மூன்றாவது வரியில் இருந்தது. பீரோ சாய்கிற மாதிரி சாய்ந்தான். இந்தத் தடவை மெத்தை இல்லை, சிமெண்ட் தரை. வலது கையை ஊன்றினான்.

"மறுபடியும் வந்துட்சி" என்று கங்கம்மா ஓடிவந்தாள்.

"அக்கா, அங்கியே நில்லு. கிட்ட வந்தே, நான் மனுசனா இருக்கமாட்டேன். யோவ் வாட்ச்மேன், பதினோரு வருசமா என் பையில இன்னாத்தய்யா பார்த்த? சாப்பாட்டு டப்பாவைத் தவிர இன்னா இருந்துச்சி? டேய், எவனும் காலைத் தொடாதீங்கடா."

உதறினான். இரண்டு கால்களும் சைக்கிளோடு சேர்ந்து ஆடின. டாக்டர் அமிர்தா ஓடிவந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"உங்க பேர் என்ன?"

"சாம்சன் மேடம்."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்கிழமை. நீங்க புதன்கிழமைதான் வருவீங்க. மொதல்ல என் குதிகாலைப் புடிச்சி வெளியே திருப்புங்க மேடம். அந்தப் பக்கம் இல்ல, வெளிப்பக்கம்."

அவள் திருப்பினாள். டக். இன்னொன்று. டக். பெடலைக் கையால் சுற்றிப் பார்த்து, ஷூவின் அடியைப் பார்த்து, மறுபடி ஒரு தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்தாள்.

"சார்" என்று வெங்கட்ரமணனை நிமிர்ந்து பார்த்தாள். "வலிப்பு வந்தவங்க வாட்ச்மேனை இவ்வளவு கோர்வையா திட்டமாட்டாங்க. இவருக்கு ஒண்ணும் இல்லை. நான் எழுதித் தரேன்."

சாம்சன் தரையில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினான். ஆறு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. எழுந்திருக்கக் கையை ஊன்றினான். ஊன்ற முடியவில்லை.

டாக்டர் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். அதற்குள் அது வீங்கி இருந்தது. "எலும்புல கீறல் இருக்கும்போலத் தெரியுது. எக்ஸ்ரே எடுங்க. மூணு வாரத்துக்கு ஏணி ஏறக் கூடாது, லீவர் இழுக்கக் கூடாது."

"மேடம், இப்பதானே ஏறலாம்னு எழுதறேன்னீங்க?"

"ரெண்டையும்தான் எழுதறேன். ஒரே பேப்பர்ல."

ஆபீசில் வெங்கட்ரமணன் விடுப்புப் படிவத்தை எடுத்தார். "நானே எழுதிடறேன். உங்களுக்குக் கை முடியாது. காரணம்னு போட்டிருக்கு. 'பணியிடத்தில் திடீரெனக் கீழே விழுந்தார்'. போதும் இல்லையா?"

"சார்" என்றான் சாம்சன். "அத்த அடிச்சிடுங்க."

"ஏன், உண்மைதானே?"

"அந்தத் திடீர்தான் சார் எனக்கு வேணாம். பேனாவைக் குடுங்க."

இடது கையில் பேனாவைப் பிடித்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் நடந்தன. பெடலில் கால் மாட்டிக்கொண்டது, வலிப்பு கிடையாது. அதன் கீழே இரண்டு கோடு போட்டான். வெங்கட்ரமணன் முத்திரை குத்தினார்.

கையைத் துண்டில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஷெட்டைக் கடந்தபோது, மேலேயிருந்து ராபின் தலையை நீட்டினான். "அண்ணே, இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்கடா. மூணு வாரம் கழிச்சி வரேன்."

"ஸ்தோத்திரம்ணே."

"அதெல்லாம் இருக்கட்டும். என் சீட்டை முன்னால இழுத்துப் போட்டுக்கினியா?"

ராபின் கொஞ்சம் தயங்கினான். "எனக்கு லீவர் எட்டலண்ணே."

"பின்னால தள்ளு" என்றான் சாம்சன். "எட்டலன்னா எக்கிக்கினு ஓட்டு."

சீட் பின்னால் நகர்கிற சத்தம் கேட்கும்வரை அண்ணாந்து பார்த்தபடியே கீழே நின்றான்.