மற்றும் குழுவினர்

மதுரை அரங்கில் நாற்பது பேர் சேர்ந்து வாசித்த சிம்பொனி அரங்கில் கேட்கவில்லை. மேலூர் பஸ் ஸ்டாண்டில் கேட்டது. ஆவணி மாதம், சனிக்கிழமை சாயங்காலம். அரங்கில் வயலின் விற்கள் ஏறி இறங்கின, ட்ரம்பெட்காரர்களின் கன்னங்கள் உப்பின, முரசின் மேல் குச்சிகள் விழுந்தன. மின்விசிறிச் சத்தம் தவிர வேறொன்றும் யார் காதிலும் விழவில்லை. அதே நேரம் மேலூரில், சிவகங்கை பஸ் நிற்கிற இடத்தில், ஆளில்லாமல் கருவியில்லாமல் அத்தனை பேரின் வாசிப்பும் பிசிறில்லாமல் மேலேயிருந்து இறங்கியது. கொய்யாப்பழம் விற்றவள் அதற்கு இடம்விட்டுக் கூடையை நகர்த்தி வைத்துக்கொண்டாள். நத்தம் பஸ் டிரைவர் இன்ஜினை அணைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாண்டிமீனாவுக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும். இரண்டு வருடம் அவள் பழக்கிய இசை அது.

மேலூருக்குக் கிழக்கே கல்குவாரி ஓரத்து ஊர் அவளுடையது. அப்பா சோணைமுத்து ஊரார் வயலில் கூலிக்கு உழுது, அப்புறம் குவாரியில் கல் உடைத்தவர். அம்மா தங்கப்பொண்ணு நாற்று நட்டவள். இருவரும் சேர்ந்து மகளை மதுரையில் ஒரு கான்வென்ட் விடுதியில் சேர்த்தார்கள். அங்கே இசை வகுப்பில் வயலின்கள் எல்லாம் பங்கு போய்விட, வரிசையில் கடைசியாக நின்றவளுக்கு மிஞ்சியது செல்லோ. வயலினின் சாயல்தான், ஆனால் ஆள் பாதி உயரம். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி உட்கார்ந்து வாசிக்க வேண்டும், சத்தம் நெஞ்சுக்கூட்டிலிருந்து வரும். பிறகு சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்தாள். படத்தில் அம்மா சாகிற இடங்களில் எல்லாம் ஊரை அழவைத்தது அவள் செல்லோதான். பேர் எதிலும் வரவில்லை. பிறகு ஜெர்மனி. அங்கே ஒரு முழு இசைக்குழுவை முன்னால் நின்று கையசைத்து நடத்தக் கற்றாள். “கண்டக்டராயிட்டேன்ப்பா” என்று போனில் சொன்னபோது, சோணைமுத்து சந்தோஷப்பட்டு, எந்த ரூட்டு என்று கேட்டார்.

திரும்பி வந்தவள் மதுரைக்கென்று ஒரு குழு சேர்த்தாள். ஆனையூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், சாம்பார் வாசனைக்கு நடுவே ஒத்திகை. சர்ச்சில் வாசிக்கிறவர்கள், ஓய்வுபெற்ற போலீஸ் பேண்டுக்காரர்கள், மாப்பிள்ளை அழைப்புக்கு ட்ரம்பெட் ஊதுகிறவர்கள், சம்மணம் போட்டே வாசித்துப் பழகிய கர்நாடக வயலின்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவருக்கொருவர் காது கொடுக்கவே முதல் வருடம் சரியாகப் போனது. இரண்டாம் வருடம் அது இசையானது. அப்போதுதான் நகரத்துச் சபா ஒன்று, நாங்களே மேடையேற்றுகிறோம் என்று வந்தது. சபாவின் புரவலர், பாண்டிமீனா ஊர்க் குவாரியின் முதலாளி. ஒத்திகைக்கு ஒருமுறை வந்து கடைசி வரை நின்று கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சோணைமுத்து மகளா?

அடுத்த வாரம் சுவரெல்லாம் போஸ்டர். கோட்டு போட்டுக் கையைத் தூக்கி நின்றவன் அஸ்வத், சபாச் செயலாளர் ஹாலாஸ்யத்தின் மகன். ஒத்திகைகளில் ஓரமாக உட்கார்ந்து தாளத்துக்குத் தலையாட்டியவன். ‘நடத்துபவர்: அஸ்வத்’ என்று பெரிதாகவும், அடியில் ‘மற்றும் குழுவினர்’ என்று பொடியாகவும் போட்டிருந்தது. அந்தக் குழுவினரில் தான் எங்கே இருக்கிறோம் என்று பாண்டிமீனா போஸ்டர் முன்னால் நின்று தேடினாள். நேரே சபாவுக்குப் போனாள். ஹாலாஸ்யம் மரியாதையான மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காபி வரவழைத்தார்.

“உன் திறமைல யாருக்கும் சந்தேகமில்லம்மா. ஆனா நடத்தறவா சபைக்கு முதுகைக் காட்டிண்டுதான் நிக்கணும். முன் வரிசையில புரவலர் உக்காந்திருப்பார். ரெண்டு மணி நேரம் ஒரு பொம்பள அவருக்கு முதுகைக் காட்டிண்டு நின்னா நன்னாவா இருக்கும்?”

“பொம்பள முதுகா சார், இல்ல சோணைமுத்து மக முதுகா?”

ஹாலாஸ்யம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேண்டுமானால் பின்வரிசையில் செல்லோ வாசிக்கலாம் என்றார். அவள் காபியைத் தொடவில்லை. எழுந்து வந்தாள். கச்சேரியன்று செல்லோவுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி ஊருக்கு பஸ் ஏறினாள். மேலூரில் அடுத்த பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோதுதான் அது இறங்கியது.

போலீஸ் பேண்டு அழகுமலையின் ட்ரம்பெட் வழக்கம்போல அரைத் தாளம் பிந்தி வந்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கையைத் தூக்கினாள். ட்ரம்பெட் வரிசைக்கு வந்தது. நத்தம் பஸ்ஸின் கண்டக்டர் அழகுபாண்டி இறங்கி வந்து, பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்பது யார் என்று கேட்டார்.

“கண்டக்டர்ண்ணே.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “எந்த டெப்போ?”

எல்லாவற்றையும் கொட்டிவிடும் அளவுக்குக் கோபம் இருந்தது. ஆனால் மூன்றாம் பகுதி தொடங்கிக்கொண்டிருந்தது. இது முடியட்டும், சொல்கிறேன் என்றாள். அழகுபாண்டி விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். பஸ் பிந்தியதற்கு யாரும் சண்டை போடவில்லை.

சபாக்காரர்கள் முதலில் மைக் செட்டுக்காரரைத் திட்டினார்கள். பிறகு அரங்கை மாற்றினார்கள். தை மாதக் கச்சேரி, பாண்டிமீனா உட்கார்ந்திருந்த சோணைமுத்துவின் வீட்டு முற்றத்தில் விழுந்தது; கட்டியிருந்த ஆடுகள் ஒருமுறை தலை தூக்கிப் பார்த்துவிட்டு அசை போட்டன. கடைசியில் ஹாலாஸ்யமே கார் பிடித்து ஊருக்கு வந்தார். அவள் அரங்கத்துக்குள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தால் போதும், சத்தம் அங்கேதானே வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னார். எத்தனை காலமாக அனுசரித்து வருகிற வீடு அது என்று அவருக்குத் தெரியாது.

“பேரப் போடுங்க. முன்னாடி நிக்க விடுங்க. சத்தம் தானா வரும்,” என்றாள் பாண்டிமீனா.

தங்கப்பொண்ணு வாசலில் கிடந்த அவர் செருப்பை, போட்டுக்கொள்ளத் தோதாகத் திருப்பி வைத்தாள்.

சபா கூடிப் பேசியது. அவள் பேரைப் போடுவதா, சத்தமில்லாமல் நடத்துவதா என்ற கேள்விக்கு, சத்தமில்லாமலே நடத்தலாம் என்று ஒருமனதாக முடிவானது. அப்படித்தான் நடந்துவருகிறது. முன் வரிசைக்காரர்கள் பட்டுச்சட்டையோடு வந்து, இரண்டு மணி நேரம் மின்விசிறியைக் கேட்டு, சரியான இடத்தில் கை தட்டுகிறார்கள். மறுநாள் பேப்பரில், அஸ்வத்தின் கட்டுப்பாடான நடையைப் பாராட்டி எழுதுகிறார்கள். ஒரு பெண்ணின் முதுகைப் பார்ப்பதைவிட அவர்களுக்கு இது சுலபமாக இருக்கிறது. அவளில்லாத மேடைக்கு வரமாட்டோம் என்று வாசிப்பவர்கள் சிலர் கிளம்பியபோது, போகாதீர்கள், எனக்குத்தானே வாசிக்கிறீர்கள் என்று தடுத்தவள் பாண்டிமீனாதான்.

மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் வேறு கணக்குப் போட்டார்கள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போதே சபாவின் கச்சேரி தேதியையும் விசாரித்துக்கொண்டு, அன்றைக்கு வரவேற்பை வைத்து, பாண்டிமீனாவுக்கு வெற்றிலைபாக்கு வைத்துவிடுகிறார்கள். அவள் ஒரே ஒரு நிபந்தனை போடுகிறாள். பத்திரிகையில், பெண் மாப்பிள்ளை பேருக்கு அடுத்து, ‘இசை நடத்துபவர்: சோ. பாண்டிமீனா’ என்று அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். அச்சகத்துக்காரர் ஒருவர் எழுத்தைச் சிறிதாக்கியபோது எல்லாவற்றையும் திரும்ப அடிக்கவைத்தாள். கோபம் அவளுக்குக் குறையவில்லை. குறைய வேண்டும் என்று அவள் நினைக்கவுமில்லை.

இந்த வருடம் கீழையூரில் தமிழ்வாணி என்ற நர்ஸின் கல்யாண வரவேற்பு. சொன்ன நேரத்துக்குப் பந்தலுக்குள் வயலின்கள் இறங்கின. பாண்டிமீனா மணமக்களுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினாள். பந்தியை நிறுத்திவைத்து, இலை போட்டவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் பகுதி முடியும் நேரத்தில், பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஒருவன் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான். அஸ்வத். அந்த நேரம் மதுரை மேடையில் அவனுக்குப் பதிலாகக் கோட்டு போட்டு நின்றவன் வேறொரு பையன். இத்தனை வருடம் தான் கையாட்டியதை அஸ்வத் ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணெல்லாம் கலங்கிப் போயிருந்தது.

“இப்படியாக்கா இருக்கும்?”

பாண்டிமீனா அவன் பக்கம் திரும்பவில்லை. செல்லோக்கள் சேர வேண்டிய இடம் வந்துகொண்டிருந்தது.

“உக்காரு,” என்றாள், கையை இறக்காமல். “மறைக்குது, பின்னால ஆளுக இருக்காக.”

அவன் தரையில் உட்கார்ந்தான். செல்லோக்கள் சேர்ந்தன.