மிஷின் புத்தகத்தின் பதினான்காம் பக்கம்

1

எங்கள் வீட்டு வாஷிங் மிஷின் துணி பிழிய மறுத்த செவ்வாய்க்கிழமை இந்தக் கதை பிறந்தது. அந்த மிஷினோடு வந்த புத்தகத்திலேயே இதை எழுதுகிறேன். கடைசியில் 'குறிப்புகள்' என்று தலைப்புப் போட்டு ஆறு பக்கம் வெறுமையாக விட்டிருந்தார்கள். அவ்வளவு நல்ல தாளைச் சும்மா விட மனம் வரவில்லை. பதினொன்றாவதோடு நின்றுவிட்ட பெண்ணுக்கு யார் நோட்டு வாங்கித் தருவார்கள்? கிடைத்ததில் எழுதி, கிடைத்த இடத்தில் ஒளித்துவைக்கிறேன்.

(வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதனால்தான் நின்றேன். அது வேறு கதை. இங்கே இடம் குறைவு.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சிங்காநல்லூர் குளத்தின் மேல் மாலை வெயில் பொன்னாடை விரித்தபோது, ஒரு மிஷின் பெருமூச்சு விட்டு..."

அடித்துவிட்டேன். மிஷின் பெருமூச்சு விடவில்லை. மூன்று முறை கத்தியது, திரையில் இரண்டு ஆங்கில எழுத்தைக் காட்டியது, நின்றது. துணியெல்லாம் தண்ணீரில் மிதந்தது.

இரண்டாவது தொடக்கம்: "இது என் நங்கையின் கதை." இது உண்மை. நங்கை என்றால் அண்ணன் மனோஜ்குமாரின் மனைவி பிரவீனா. பொள்ளாச்சியிலிருந்து அவள் கொண்டுவந்த சீரில் இந்த மிஷினும் ஒன்று. அதனால் மிஷின் நின்றதும் அம்மா மிஷினைப் பார்க்கவில்லை, நங்கையைப் பார்த்தாள்.

"ஏனம்மணி, உங்கப்பன் மண்டியில அழுகுன தேங்காயத் தள்ளிவுடற மாதிரி இதையும் நம்ம தலையில தள்ளிவுட்டுட்டாரா?"

"கடையில புதுசாத்தானுங்க அத்தை வாங்குனாங்க."

"புதுசு அஞ்சு மாசத்துல நின்னுபோகுமா?"

3

கோயமுத்தூரில் எதையும் ரிப்பேர் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. ஊரில் பாதிப்பேர் மோட்டார் டாக்டர்கள். [மிகைதான். இருக்கட்டும்.] என் அப்பா சுப்பண்ணன் முப்பது வருசம் பம்புசெட் பட்டறையில் ஃபோர்மேன். "காயில் போயிருச்சு" என்றார். பெரியப்பா "கெப்பாசிட்டர்" என்றார். எதிர்வீட்டு நஞ்சுண்டன் மாமா மூடியைக்கூடத் திறக்காமல் "பேரிங்" என்றார். திரையில் மின்னிய இரண்டு எழுத்து கம்பெனி முதலாளியின் இனிஷியல் என்று முடிவானது. நானும் நங்கையும் காபி போட்டுக்கொண்டே இருந்தோம்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின நாள் அப்பா ஒரு காரியம் செய்திருந்தார். மிஷின் தண்ணீர் சாக்கடைக்குப் போய் வீணாகிறதே என்று, அது வெளியேறும் ஓஸ் குழாயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, சுவரில் ஓட்டை போட்டு, வெளியே நிற்கும் தென்னங்கன்றுக்குத் திருப்பி, சிமெண்டும் பூசிவிட்டார். திங்கட்கிழமை சிமெண்ட், செவ்வாய்க்கிழமை மிஷின். இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அப்பா செய்த வேலையை ஒரு கோளாறுக்குக் காரணமாக நினைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

பதினான்காம் பக்கம் சொல்கிறது: "இந்த மாடலில் பம்ப் இல்லை. தண்ணீர் தானாகவே இறங்கி வெளியேறும். குழாயை உயர்த்தினால் தண்ணீர் உள்ளே தேங்கும். தண்ணீர் தேங்கினால் துணி பிழியும் சுற்று தொடங்காது."

முப்பது வருசம் தண்ணீரை மேலே ஏற்றிய மனிதர், அது பழக்கத்தில் தானாகவே ஏறிவிடும் என்று நம்பிவிட்டார்.

(நங்கையிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மாமனாரின் சிமெண்டை மருமகள் குறை சொன்னால், அன்றைக்கே அவள் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்திருப்பாள்.)

4

புதன்கிழமை மெக்கானிக் ஜாவித் அண்ணன் வந்தார். முன்பு அப்பாவுக்குக் கீழே பிட்டராக இருந்தவர். மூடியைத் திறந்து மூடினார், துணியைப் பிரித்துப் போட்டார், பின்னால் எட்டிப் பார்த்தார். ஓஸைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்த ஓஸு..."

"நான் போட்டது."

"நல்லா ஸ்ட்ராங்கா இருக்குதுங்ணா."

கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற சாக்கில் என்னிடம் கிசுகிசுத்தார்: "அம்மணி, மிஷினோட ஒரு புக்கு வந்திருக்குமே? நான் சொன்னா அண்ணன் என்னைய வெட்டிப்போடுவாரு. அச்சுல இருந்தா ஒத்துக்குவாரு."

"தெரியலீங்க" என்றேன். புத்தகம் என் துப்பட்டாவுக்குள் இருந்தது.

அன்றைக்கே அம்மா குட்டியானை சரக்கு வண்டிக்குச் சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழமை மிஷின் பொள்ளாச்சி போகட்டும். அவளும் அதே வண்டியில போகட்டும். நல்ல மிஷினோட வந்தா வரட்டும், இல்லாட்டி அங்கியே இருக்கட்டும்."

அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். (எவ்வளவு முயன்றும் இந்தப் பாத்திரத்துக்கு ஒரு வசனம் எழுத முடியவில்லை.)

வியாழக்கிழமை நங்கை பையில் துணி அடுக்கினாள்.

"ஈரமா இருக்குதுங்களே" என்றேன்.

"பொள்ளாச்சியிலயும் வெயில் அடிக்கும் கண்ணு."

5

முடிவு அ: பதினான்காம் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுக்கிறேன். [முடியாது. அதன் ஓரமெல்லாம் அம்மா சண்டை போடும் அழகை எழுதிவைத்திருக்கிறேன்.]

முடிவு ஆ: நானே வாய் திறந்து சொல்கிறேன். முயன்றேன். "அப்பா, அந்த..." "காபியா? வெச்சுட்டுப் போ."

முடிவு இ: சிங்காநல்லூரில் திடீரென்று தண்ணீர் தானாக மேலே ஏறத் தொடங்கியது. மக்கள் அனைவரும்

(வேண்டாம்.)

முடிவு ஈ: புத்தகத்தை முழுசாகக் கொடுக்கிறேன். போன வருசம் என் நோட்டு ஒன்று அண்ணன் கையில் சிக்கியது. கிடாவெட்டு விருந்தில், சொந்தக்காரர்கள் நடுவே, எழுந்து நின்று வாசித்தான். அவனுக்குக் குரல் நன்றாக வரும். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் ஒரு வரி எழுதவில்லை.

6

வெள்ளி, காலை ஏழரை. வாசலில் குட்டியானை ஹாரன் அடிக்கிறது. அப்பா மிஷினைக் கட்டக் கயிறு தேடுகிறார். நங்கை செருப்பு மாட்டிவிட்டாள். எனக்குக் கால் பக்கம்தான் மிச்சம்.

புத்தகத்தை மிஷின் மூடிமேல் வைக்கலாம். பழையபடி அரிசி டிரம்முக்கு அடியிலும் வைக்கலாம். எதைச் செய்தேன் என்று எழுத இடமில்லை. எங்கே எடுத்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே முடிவும் உங்களிடம்தான் இருக்கிறது. மூடிமேல் எடுத்திருந்தால், நீங்கள் அப்பா.

அப்பா, மொதல்ல பதினாலாம் பக்கம் பாருங்க. உங்க ரசமட்டத்தை அந்த ஓஸு மேல வெச்சீங்கன்னா, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எங்களைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும். மத்த பக்கமெல்லாம் படிச்சாலும் சரிங்க.

சத்தமா மட்டும் படிச்சுபோடாதீங்க.