பஸ் நிற்கிற இடம்

இசக்கிபாண்டிக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கதவு மாட்டுகிறவன் அவன். லைனில் வண்டி நகர்ந்து வரும், இடது பக்கக் கதவைப் பொருத்தி இறுக்க வேண்டும், அது போனதும் அடுத்தது. மூன்று வருஷமாகச் செய்கிற வேலை, கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வான். அப்பேர்ப்பட்டவன் செவ்வாய்க்கிழமை ஒரு போல்ட்டை இறுக்காமல் விட்டுவிட்டு சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சென்னையில் எந்த லாட்ஜில் ரூம் போடுவது என்று மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அவன் பெண்டாட்டி வருகிறாள். கல்யாணமாகி இத்தனை மாதம் ஆகியும் சுகப்பிரியா ஊரில்தான் இருக்கிறாள். வள்ளியூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்ஸில் போவாள், பஸ்ஸில் வருவாள். இவன் இங்கே சேரப்பணஞ்சேரியில் நாலு பையன்களோடு ஒரே ரூமில் கிடக்கிறான். ஒரு வீடு பார்த்து அவளைக் கூட்டிவந்துவிட வேண்டும் என்பது இவனுக்கு ஆசை என்று சொன்னால் போதாது, ஏக்கம். அவள்தான் பிடி கொடுக்காமல் இருந்தாள். கடைசியில் ஒருநாள் போனில் சொன்னாள்.

“ரெண்டு நாள் வாரேன். வந்து பாத்துட்டுச் சொல்லுதேன், அங்க வந்து இருப்பனா மாட்டனான்னு.”

“தாராளமா வா. தாம்பரத்துலயே ஒரு கார் ஏற்பாடு பண்ணி...”

“காரும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம். நடந்தோ பஸ்ஸுலயோ ரயில்லயோ போற மாதிரி எடமாப் பாத்து ரூம் போடுங்க.”

கார் அவளுக்கு ஆகாது. தாலி கட்டின கையோடு கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பூச்சுற்றின காரில் ஏற்றிக் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டார்கள். அந்த வாடை வயிற்றைப் புரட்டி, பட்டுப்புடவையிலேயே வாந்தி. மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, “பொண்ணுக்கு இப்பமே மசக்கையா?” என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி சிரித்தாள். அன்றைக்கு இறங்கினவள்தான், அதற்குப் பிறகு எந்தக் காரிலும் கால் வைக்கவில்லை. விடிந்தால் அடைந்தால் கார்க் கதவு மாட்டுகிறவனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டி! ரூமில் கூட இருக்கிற வனமாமலை இதைச் சொல்லிச் சொல்லியே அவனை ஓட்டுவான்.

போனை வைக்கிறதுக்கு முன்னால் சுகப்பிரியா இன்னொன்றும் சொன்னாள். “எங்க தெரு உலகம்மாள் அக்கா அவ வீட்டுக்காரரு கூட அங்கதான் ஆறு மாசம் இருந்துட்டு வந்தா. எப்பிடிக்கா இருந்துச்சுன்னு கேட்டேன். நல்ல பெரிய ஜன்னலுன்னா.”

இசக்கிபாண்டி சிரித்தான். மடையன், அங்கேதான் அவன் யோசித்திருக்க வேண்டும்.

ரூம் தேட ஆரம்பித்த பிறகுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. ஊரில் எல்லாரிடமும் சென்னையில் வேலை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி வைத்திருக்கிறான். சென்னையில் அவனுக்கு ஒரு தெரு தெரியாது. ரூம், கம்பெனி பஸ், லைன், கம்பெனி பஸ், ரூம். லீவு நாளில் தூக்கம். இதுதான் அவன் பார்த்த சென்னை.

போனில் படம் படமாகத் தள்ளினான். ஒன்றில் குளியலறை சரியில்லை, இன்னொன்றில் படுக்கை விரிப்பு சரியில்லை. வனமாமலை, “எக்மோர்ல போடுல, எறங்குனா ரூம்” என்றான். போட்டான். எக்மோர் லாட்ஜ் என்றால் சத்தமாக இருக்கும் என்று லைனில் ஒருத்தன் சொன்னதும் கேன்சல் செய்தான். தண்ணீர் மோட்டார் போட வந்த வீட்டுக்கார அம்மா சரோஜா, “இன்னாப்பா இவ்ளோ யோசிக்கிற? தி.நகர்ல போடு. பொம்பளைக்கு வேற இன்னா வோணும், சுத்தி எல்லாம் துணிக்கடையா கீது” என்றாள். அதையும் போட்டான். நாள் பூரா துணிக்கடையில் நிற்கிறவளைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போவதா என்று தோன்றி அதையும் கேன்சல் செய்தான். மூச்சுக்கு முந்நூறு தடவை போனை எடுத்தான், வைத்தான். சாப்பாடு இறங்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவள் திரும்பிப் போய்விட்டால் அவ்வளவுதான், தன் காலம் இந்த நாலு பேர் குறட்டையிலேயே முடிந்துவிடும் என்று பயந்தான்.

வியாழக்கிழமை பளிச்சென்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொஞ்ச நாள் மதுரவாயல் பைபாஸ் ஓரம் ஒரு ஹாஸ்டலில் இருந்தான். அங்கே சர்வீஸ் ரோட்டில் பச்சை போர்டு போட்ட ஒரு லாட்ஜ் உண்டு. அதன் வாசலிலேயே பஸ் ஸ்டாப். எப்போது பார்த்தாலும் கூட்டம் நிற்கும், ஒன்று மாற்றி ஒன்று பஸ் வந்து நின்று அள்ளிக்கொண்டு போகும். வாசலில் கால் வைத்தால் பஸ்! இதை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடியிருக்கிறோமே என்று தலையில் தட்டிக்கொண்டு ரூமைப் போட்டுவிட்டான். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டான்.

சனிக்கிழமை விடிகாலையில் சுகப்பிரியா தாம்பரத்தில் இறங்கினாள். ரயிலில் வந்த களைப்பு முகத்தில் இருந்தாலும் சிரித்தாள். அரசு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தான். பைபாஸில் பஸ் அந்தப் பச்சை போர்டைத் தாண்டிப் பறந்து எங்கோ தள்ளிப் போய் இறக்கிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித் திரும்பி நடந்தார்கள்.

“வாசல்லயே நிக்கும்னீய?”

“இது வேற ரூட்டு. அங்க வந்து பாரு.”

வந்து பார்த்தாள். அவன் சொன்னது பொய்யில்லை. லாட்ஜ் வாசலில் ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் நின்றது. பஸ் வந்து நின்றது, போனது, பின்னாலேயே அடுத்தது வந்தது. “பாத்தியா?” என்றான் இசக்கிபாண்டி, என்னமோ அவனே கட்டிவிட்ட பஸ் ஸ்டாப் மாதிரி. சுகப்பிரியா தலையாட்டினாள். அவளுக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

குளித்து, இட்லி சாப்பிட்டு, கடலுக்குப் போகலாம் என்று இறங்கி வந்தார்கள். ஸ்டாப்பில் ஒருத்தர் இல்லை. காத்திருந்தார்கள். பைபாஸில் பஸ்கள் போய்க்கொண்டுதான் இருந்தன, ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. இசக்கிபாண்டி ரோட்டுக்கே போய்க் கையை ஆட்டினான். டிப்பர் லாரி ஒன்று முகத்தில் புழுதியை அடித்துவிட்டுப் போனது. வெயில் ஏறியது. சுகப்பிரியா துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டாள். இவன் இங்கே நடந்தான், அங்கே நடந்தான், இன்னும் அஞ்சு நிமிஷம் என்று சொன்னதையே சொன்னான்.

எதிரே டீக்கடைக்காரர் வெகுநேரம் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். “இன்னா தம்பி, எந்த பஸ்ஸுக்கு நின்னுகினு கீறீங்க?”

“பீச்சுக்குண்ணே.”

“சரியாப் போச்சு. கவர்மென்ட் வண்டி ஒண்ணும் இங்க நிக்காதுபா. எல்லாம் கம்பெனி வண்டி. காலைல வரும், அப்பறம் மத்தியான ஷிப்ட்டுக்கு வரும். நடுவுல ஈ காக்கா வராது.”

இசக்கிபாண்டியின் முகத்தில் ஈயாடவில்லை. காலையில் நின்ற கூட்டம் கண்ணுக்குள் வந்தது. அத்தனை பேர் கழுத்திலும் கார்டு தொங்கியது. அத்தனை பஸ்ஸின் நெற்றியிலும் ஏதாவது ஒரு கம்பெனி பெயர் இருந்தது. இவனும் அந்தக் கூட்டத்தில் நின்று ஏறினவன்தானே? ஒருநாளாவது அங்கே டிக்கெட் எடுத்திருக்கிறானா? பஸ் என்றாலே அவனுக்குக் கம்பெனி பஸ்தான் என்று ஆகிப்போயிருந்தது. அது நிற்கிற இடமெல்லாம் ஊருக்கும் ஸ்டாப் என்று நம்பி, ஊரிலிருந்து பெண்டாட்டியை வரவழைத்து நடுரோட்டில் நிறுத்திவிட்டான்.

“சுகா, ஒரே ஒரு தடவை. கார் வரச் சொல்லுதேன். ஏசி வேண்டாம், கண்ணாடிய எறக்கிவிடச் சொல்லுதேன்.”

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். “மூணு வருசமா இங்க இருக்கீய. கடல் பாத்திருக்கீயளா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“ஏன்?”

“ஷிப்டு, ஓவர்டைமு... கம்பெனி பஸ்ஸு கடலுக்குப் போவாதுல்லா.”

சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். “நான் கடல் பாக்கவா வந்தேன்? நம்மூருலேருந்து கன்னியாரி எம்புட்டு தூரம்? நீங்க ஷிப்டுக்குப் போன பொறவு கதவத் தொறந்து வெளிய வந்தா நான் எங்க போவேன், அதப் பாக்கத்தான் வந்தேன். நீங்க இல்லாம இங்கேருந்து நான் எங்க போக முடியும்? சொல்லுங்க.”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. காலையிலிருந்து வெயிலில் நிற்கிற அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

“எங்கயும் போக முடியாது.”

“சேரப்பணஞ்சேரில?”

“அங்கயும் அப்பிடித்தான். தண்ணி கேன்காரன் வருவான். சரோஜா அக்கா வந்து பேசிட்டிருப்பா. அவ்ளோதான்.”

எல்லாம் முடிந்தது, இனி அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தான். சுகப்பிரியா கையை நீட்டினாள்.

“இப்பமாவது உள்ளதச் சொன்னீயளே. போனக் குடுங்க. எடத்த நான் பாக்கேன்.”

அவள் படுக்கை, குளியலறைப் படங்களைத் திறக்கவே இல்லை. வரைபடத்தைத் திறந்தாள். ரயில் எங்கே ஓடுகிறது என்று முதலில் பார்த்தாள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்தி நகர்த்திப் போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். பிறகு டீக்கடைக்காரரிடம் கோயம்பேட்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டாள். ரூமைக் காலி செய்து, பையைத் தூக்கிக்கொண்டு அவர் சொன்ன பக்கம் நடந்தார்கள். பூந்தமல்லி ரோட்டில் பஸ் ஏறி, கோயம்பேட்டில் மெட்ரோ ஏறி, நடுவில் ஒரு தடவை மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கித் திருவல்லிக்கேணிக்கு நடந்தார்கள். அவள் பிடித்த லாட்ஜில் ரூம் தீப்பெட்டி மாதிரி இருந்தது. ஃபேன் முனகியது. ஆனால் கீழே இறங்கினால் தெரு முழுக்க ஜனம். கோயில், பூக்கடை, மெஸ், நாலு பக்கமும் போகிற டவுன் பஸ். சுகப்பிரியா சாப்பிட்டுவிட்டு அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிட்டாள். இவன் எழுப்பவில்லை. கடலுக்குக் காலையில் கூட்டிப்போகலாம் என்று இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கண் விழித்தபோது பக்கத்தில் ஆளில்லை. குளியலறை திறந்து கிடந்தது. அவளுடைய செருப்பைக் காணவில்லை. அவள் போன் மட்டும் சார்ஜில் கிடந்தது. வேட்டியை அள்ளிச் செருகிக்கொண்டு கீழே ஓடினான். “அவங்க அப்பவே போனாங்களே சார்” என்றார் மேனேஜர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். தெருமுனை வரை ஓடினான். எந்தப் பக்கம் என்று தேட? இந்த நேரம் பார்த்து அவள் வந்துவிட்டால் என்ன செய்வது என்று மறுபடி மேலே ஓடி வந்தான். மறுபடி கீழே, மறுபடி மேலே. ஊர் தெரியாத பிள்ளை, போனும் இல்லை.

கடைசியில் ஜன்னலில் போய் நின்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகிற ஒவ்வொரு தலையாகப் பார்த்தான். வேறு செய்ய ஒன்றுமில்லை, பார்க்கத்தான் முடிந்தது. அப்போதுதான் அவனுக்கு உலகம்மாள் அக்காவின் ஜன்னல் புரிந்தது. கொஞ்ச நேரம் நின்றதற்கே அழுகை வருகிறதே, ஆறு மாதம் எப்படி நின்றாள்?

தெருமுனையில் சுகப்பிரியா திரும்பினாள். சுடிதார் முழங்கால் வரை நனைந்திருந்தது. ஒரு கையில் பிளாஸ்டிக் கவரில் கட்டின டீ, தலையில் புதுப் பூ. அவசரமே இல்லாமல், கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

கதவைத் திறந்ததும் கத்தினான். “எங்க போன? சொல்லாம கொள்ளாம! போனையும் போட்டுட்டு!”

“போயிட்டுத் திரும்பி வர முடியுதான்னு பாத்தேன். போன் இருந்தா கூப்பிட்டு நீங்க வழி சொல்லுவீய.” டம்ளரில் டீயை ஊற்றினாள். “ரெண்டு எடத்துல தப்பாத்தான் திரும்புனேன். கேட்டுக் கேட்டு வந்துட்டம்லா.”

கோபம் போன இடம் தெரியவில்லை அவனுக்கு. கட்டிலில் உட்கார்ந்தான்.

“உங்க கம்பெனி பஸ்ஸு தாம்பரம் வருமா?”

“வரும். ஸ்டேஷன் பக்கத்துலதான் நிக்கும். ஆனா அங்கேருந்து போனா நேரம் ரொம்ப ஆவும், சுகா. இருட்டோட எந்திரிக்கணும்.”

“எந்திரிங்க.”

அவன் அவளையே பார்த்தான். “அப்பம் வந்துருவியா?”

“வீடு நான்தான் பாப்பேன். ரயிலுக்கு நடந்து போற தூரத்துல.” டம்ளரை அவன் கையில் வைத்தாள். “ஆறிப் போறதுக்கு முன்ன குடிங்க. குடிச்சிட்டுக் கெளம்புங்க, கடல் எந்தப் பக்கம்னு காட்டுதேன்.”

மூன்று வருஷமாகச் சென்னையில் இருக்கிறவன் ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் செருப்பைத் தேடினான்.