ஆட்டை வாலோடு அனுப்பவும்

டோக்கன் அக்காவின் வீட்டுக்கு முதல் வாலில்லாத ஆடு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலே கால் மணிக்கு. அடுத்த வாரம் வியாழனுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு வந்துவிட்டன. எல்லாம் பேனா மை நீலம், எல்லாம் வாயைப் பிளந்தபடி. மாடிப்படியில் இடம் போதாமல், பிந்தி வந்தவை தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றன.

அக்கா பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவர். பயந்து நடுங்குகிறவர்களுக்காக டோக்கனின் பின்பக்கம் ஒரு படம் போடுவார். டாக்டரின் நாற்காலியில் ஓர் ஆடு சாய்ந்து வாயைத் திறந்திருக்கும், டாக்டர் உள்ளே தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருப்பார். ஆட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது என்று டாக்டர் பதினோரு வருடமாகச் சொல்லியும் அக்கா முப்பத்திரண்டில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. டோக்கன் தீப்பெட்டி அளவு. கையெழுத்துக்குத் தனி இடம் இல்லாததால், தன் பெயரையே ஆட்டின் வாலாகச் சுழித்துவிடுவார். வினை அங்கேதான் இருந்தது. கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டு போன ஒருவர் படத்தை போனில் எடுத்து, ஓரத்தில் என்னமோ கிறுக்கல் என்று வெட்டிவிட்டு, குடும்ப குரூப்பில் போட்டார். மறுநாள் அது கடல் தாண்டிவிட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். வாலோடு ஒருமுறை அனுப்பிப் பார்த்தார், எதுவும் வரவில்லை. வாலை வெட்டி அனுப்பினார், இரண்டே நிமிடத்தில் காலிங்பெல் அடித்தது. வாலோடு பெயரையும் இழந்த ஆடுகளுக்கு வேறு போக்கிடம் தெரியவில்லை. பத்துக் கை மாறியவை மங்கிப்போய், முகம் எது முதுகு எது என்று தெரியாமல் வந்தன. ஒன்றின் வயிற்றில் ரோஜாப்பூவோடு 'இனிய காலை வணக்கம்'. இன்னும் மூன்றின் முதுகில், அக்கா கேள்வியே பட்டிராத ஒருவரின் கையெழுத்து.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா பதினைந்து நாள் பொறுத்தார்.

"ஏம்மா, ரெண்டே பேருன்னு சொல்லித்தானே குடி வந்தீங்க?"

"அதெல்லாம் படம்மா."

"படம்னா சுவத்துல தொங்கணும். எதுக்குப் படியில நின்னு என்னையே பார்க்குது?"

மாசக் கடைசிக்குள் ஆடுகள் போகவேண்டும், இல்லையென்றால் அக்கா போகவேண்டும் என்பது தீர்ப்பு.

அந்த வாரமே ஒரு பிஸ்கட் கம்பெனியின் வக்கீல் வந்தார். ஆடுகளை விலக்கி, இரண்டை மன்னிப்புக் கேட்டு நகர்த்தி, நாற்காலியில் உட்கார்ந்தார். பிஸ்கட் பாக்கெட்டில் போட ஆட்டைக் கம்பெனிக்கே எழுதிக் கொடுத்தால் ஒரே நாளில் அத்தனையும் லாரியில் ஏறிவிடும். அதற்கப்புறம் அக்கா இந்த ஆட்டை எங்கேயும் வரையக்கூடாது, டோக்கனில்கூட.

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு," என்றார் கணவர். "ஆடு போனா மாடு வரைஞ்சுக்கோ."

"நாளைக்கு மாட்டையும் கேட்டா?"

"ஒட்டகம் இருக்குல்ல. உனக்கா பஞ்சம்?"

அக்கா பேனாவைத் திறந்தார். பிறகு வக்கீலிடம், இந்த ஆட்டை வேறு யாராவது மாற்றி வரைந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அதுவும் கம்பெனியுடையதுதான் என்றார் வக்கீல். அக்காவுக்கு பஸ் கண்டக்டரம்மாவின் நினைவு வந்தது. வேர் சிகிச்சைக்கு மூன்று தடவை வந்த அந்த அம்மா, டோக்கன் ஆட்டுக்கு ஒரு தொப்பி போட்டு, வாலை அப்படியே விட்டு, தொப்பி ஓரத்தில் தன் பெயரையும் எழுதி அனுப்பியிருந்தார். தொப்பி வைத்த ஆடு அக்கா வீட்டுப் பக்கமே வரவில்லை. நேராகக் கண்டக்டரம்மாவின் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டைப் பிடித்துக்கொண்டது.

பேனாவை மூடினார். "மன்னிச்சுக்குங்க சார். நான் வரைஞ்சுக்கிட்டே இருக்கணும். மத்தவங்களும் வரையட்டும்."

கணவர் வாயைத் திறந்தார். சுற்றிலும் நானூறு வாய்கள் அதே மாதிரி திறந்திருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு டோக்கனிலும் ஒரு வரி கூடியது: எடுத்துக்கங்க, மாத்திக்கங்க, வாலை மட்டும் வெட்டாதீங்க. ஊருக்கே கை அரித்தது. ஆட்டுக்குக் கண்ணாடி வந்தது, இறக்கை வந்தது, தையல்காரர் ஒருவர் அதற்குச் சட்டையே தைத்துப் போட்டார். ஒவ்வொரு புதுப் படத்துக்கும் படியிலிருந்து ஓர் ஆடு எழுந்து, பின்னால் நீலமாக ஒரு சுழி முளைக்க, வரைந்தவரின் வீடு தேடிப் போனது. இருபத்தெட்டாம் தேதி படியில் ஓர் ஆடுகூட இல்லை. கம்பெனி பாக்கெட்டில் பசுவைப் போட்டது.

முப்பதாம் தேதி காலை வீட்டுக்கார அம்மா படியேறி வந்து, படி ரொம்ப வெறிச்சோடிக் கிடக்கிறது என்று குறைப்பட்டார். மத்தியானம் பால் கவரின் பின்பக்கம் தானே ஓர் ஆடு வரைந்து, அக்காவின் வாலைப் பார்த்து எழுதி, பக்கத்தில் தன் பெயரையும் போட்டார். கைப்பழக்கம் இல்லாததால் கால் ஒன்று கூடுதலாகிவிட்டது. மாலையில் அது வந்து படிக்கடியில் படுத்தது. மழை நாட்களில் அந்த அம்மா துணியால் துடைத்துவிடுகிறார், ஐந்து காலையும்.